ஒரு தட்டு, நான்கு சக்கரம்

பந்தயம் என்றால் எது அதிக வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் காரியம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சற்று யோசித்தால் அது சரியில்லை என்று தெரியும். ரெயிலையும் கட்டை வண்டியையும் அருகருகே நிறுத்தி எது முந்துகிறது என்று பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள். முடிவு முன்பே தெரிந்துவிட்ட இடத்தில் பந்தயம் ஏது? ஏறக்குறையச் சமமாக உள்ள இரண்டில் எது ஒரு முழம் முந்துகிறது என்பதில்தான் ருசி இருக்கிறது.

நம் தென் ஜில்லாக்களில் மாட்டு வண்டிப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் அவர்கள் வண்டிகளை விடுகிறார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால் அது பந்தயமல்ல, பாவம். ஆகவே பந்தயத்தின் உயிர் மாட்டின் காலில் இல்லை. எந்த மாடு எந்த வகுப்பு என்று தீர்மானிக்கிற பெரியவரின் நாக்கில் இருக்கிறது.

நான் சொல்ல வந்த பந்தயத்தில் மாடும் கிடையாது, மேலே ஏறி உட்காரும் மனிதனும் கிடையாது. கார் ஒரு ஜாண் அகலம்கூட இராது. ஓட்டுகிறவர் மைதானத்தின் ஓரத்தில் உயரமான மேடையில் நிற்கிறார். கையில் ஒரு சிறு ரேடியோப் பெட்டி. அதிலிருந்து புறப்படும் அலை காரைத் திருப்புகிறது, விரட்டுகிறது, நிறுத்துகிறது. இந்த வகைக் கார்களுக்குள்ளே ‘பான் கார்’ என்று ஒரு ஜாதி உண்டு. பான் என்றதும் வெற்றிலை பாக்கை நினைக்க வேண்டாம். தோசைக்கல்லைப் போல் தட்டையான ஒரு தகடுதான் அந்தக் காரின் உடம்பு. அதனால் வந்த பெயர். தட்டின் முன்னே இரண்டு சக்கரம், பின்னே இரண்டு சக்கரம், நடுவில் பாட்டரி, பின்னால் மோட்டார், மேலே ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு. அவ்வளவுதான் கார்.

இது குழந்தைகள் விளையாட்டு அல்லவா, இதற்கு ஒரு சரித்திரக் கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் படிக்கப் படிக்க, இதில் யந்திரத்தின் கதையைவிட மனிதனின் கதையே அதிகம் இருப்பது தெரிந்தது. கதை எழுதுகிறவனுக்கு அது போதாதா?

* * *

1898-ஆம் வருஷம் நியூயார்க்கில் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய மண்டபத்தில் ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. அங்கே நிக்கோலா டெஸ்லா என்ற மேதை ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சிறிய இரும்புப் படகு ஒன்றை மிதக்க விட்டார். படகுக்கும் அவருக்கும் நடுவே கம்பி கிடையாது, கயிறு கிடையாது. அவர் கையிலிருந்த பெட்டியின் பிடியை அசைத்தார், படகு திரும்பியது. விளக்கு எரி என்றால் எரிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. 64-க்குக் கனமூலம் என்ன என்று ஒருவர் கேட்க, படகின் விளக்கு நான்கு முறை கண் சிமிட்டியது என்று சொல்வார்கள். படகுக்குள் ஒரு பழக்கிய குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று நம்பியவர்களும் உண்டாம். மனிதன் தனக்குப் புரியாத எதையும் குரங்கின் தலையில் கட்டிவிடுவது எல்லாத் தேசத்துக்கும் பொது வழக்கம் போலிருக்கிறது.

அந்த வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி டெஸ்லாவுக்குக் கிடைத்த பேடண்டு உரிமையின் நம்பர் 6,13,809. அதன் தலைப்பில் அவர் படகோடு நிறுத்தவில்லை. ‘வாகனங்கள்’ என்றும் சேர்த்துப் போட்டிருந்தார். சில வருஷம் கழித்து ஸ்பெயின் தேசத்து எஞ்சினீயர் லெயோனார்டோ டோரஸ் கெவேடோ அதைத் தரையில் செய்து காட்டினார். 1904-இல் மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கம்பியில்லாமல் ஓட்டினார். 1906-இல் பில்பாவோ துறைமுகத்தில் மன்னர் 13-ஆம் அல்ஃபோன்ஸோவின் முன்னிலையில் கரையில் நின்றபடியே ஒரு படகை நடத்திக் காட்டினார்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெஸ்லாவின் படகு தனிப் படகு; கெவேடோவின் வண்டி தனி வண்டி. ஒன்றை ஓட்டிக் காட்டினால் அது அற்புதம். பக்கத்தில் இன்னொன்று ஓடினால்தான் பந்தயம். இரண்டு பேர் இரண்டு பெட்டியோடு நின்றால், யார் அலை யார் வண்டியைப் பிடிக்கும்? ஒருவர் திருப்ப, மற்றவர் வண்டி சுவரில் மோதும். ஆகாயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள மனிதன் கற்றுக்கொள்ளும்வரை இந்தப் பந்தயம் பிறக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் இந்தக் கலையை வளர்த்தவர்கள் ஆகாய விமான ஆசைக்காரர்கள். மிஷிகன் மாகாணத்துக் கலமஸூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டையர்கள் இருந்தார்கள். 1937-இல் அவர்கள் ரேடியோவால் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கஃப்’. அது இப்போது ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

அந்தக் காலத்து ரேடியோவில் ஒரு பெரிய குறை இருந்தது. பொத்தானை அமுக்கினால் சுக்கான் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும்; விட்டால் நடுவுக்கு வரும். கொஞ்சம் திருப்பு, அரைவாசி திருப்பு என்ற பேச்சே கிடையாது. விமானத்துக்கு அது பரவாயில்லை, ஆகாயம் விசாலமானது. காருக்கு அப்படியா? முன்னால் சுவர் இருக்கிறது. கையை எவ்வளவு அசைத்தால் சக்கரமும் அவ்வளவே அசைகிற ரேடியோ 1960-க்களில் பரவலான பிறகுதான் கார் ஓட்டத்துக்கு வழி பிறந்தது.

ஆகாயப் பங்கீடும் ஏற்பட்டது. அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஆறு இடங்கள் இந்த விளையாட்டுக்குப் பயன்பட்டன. அவற்றுக்குப் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறத்தால் பெயர் வைத்தார்கள். பந்தயத் திடலில் ஒரு பலகையில் அந்த நிறத் துணிக் கிளிப்புகள் தொங்கும். மஞ்சள் கிளிப்பு உங்கள் கையில் இருந்தால் மஞ்சள் அலை உங்களுடையது. கிளிப்பு இல்லாமல் பெட்டியை முடுக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் கார் பைத்தியம் பிடித்து ஓடும். அதனால் முறை வரும்வரை பெட்டிகளையெல்லாம் வாங்கி ஒரு மேஜையில் அடுக்கிவைத்து விடுவார்கள். இந்த விளையாட்டின் முதல் சட்டம் வேகத்தைப் பற்றியதல்ல. உன் முறை வரும்வரை உன் பெட்டியைத் தொடாதே என்பதுதான். இந்தச் சட்டம் வேறு பல இடங்களுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை இங்கே விவரிப்பதற்கில்லை.

* * *

பான் காருக்கு முன்னால் சின்னக் கார்ப் பந்தயம் இரண்டு விதத்தில் நடந்தது. 1930, 1940-களில் பெட்ரோல் எஞ்சின் வைத்த சிறு கார்களைக் கம்பியால் ஒரு முளையில் கட்டி, செக்கு மாடு மாதிரி சுற்றவிட்டார்கள். மிரட்டும் வேகம் போகும். ஆனால் ஓட்டுகிறவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. முடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். அது யந்திரத்தின் பந்தயம்.

இரண்டாவது, தடத்தில் வெட்டிய பள்ளத்தில் ஓடும் ‘ஸ்லாட் கார்’. இங்கிலாந்தில் 1957-இல் ஸ்கேலெக்ஸ்டிரிக் வந்தது. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் இந்த மோகம் கரைபுரண்டது. ஊருக்கு ஊர் கூலிக்கு ஓட்டும் கூடங்கள் முளைத்தன. சில வருஷத்துக்குள் வந்த வேகத்திலேயே வடிந்தும் போயிற்று. இதிலே விரலுக்கு வேலை உண்டு, வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திருப்பும் வேலை மட்டும் பள்ளத்தினுடையது. இது விரலின் பந்தயம்.

கம்பியும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம் என்ற நிலை 1966-இல் வந்தது. இத்தாலியில் எலெட்ரோனிக்கா ஜியோகட்டோலி என்ற கம்பெனி, 250 எல்.எம். ஃபெராரிக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ரேடியோவால் ஓடும்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷம், 1967-இல், அமெரிக்காவில் ‘ரோர்’ என்ற சங்கம் ஏற்பட்டது. தூரத்திலிருந்து கார் ஓட்டுகிறவர்களின் சங்கம். சங்கம் என்று ஒன்று ஏற்பட்டால் விதிப் புஸ்தகம் பிறக்காமல் இருக்குமா?

கலிஃபோர்னியாவில் ஸ்லாட் கார் சாமான்கள் செய்துகொண்டிருந்த அஸோஸியேட்டட் எலெக்ட்ரிக்ஸ் என்ற ஸ்தாபனம், அந்த மோகம் வடிந்ததும் ரேடியோக் கார் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மார்டேவ் முதலியவர்கள் வந்தார்கள். எட்டில் ஒரு பங்கு அளவில், எஞ்சின் வைத்த கார்கள். அவற்றின் உடம்பும் ஒரு தட்டுத்தான். 1977-இல் கலிஃபோர்னியாவில் பொமோனா என்ற ஊரில் இந்த அளவுக் கார்களுக்கு உலகப் போட்டி நடந்தது.

எஞ்சின் கார் வீட்டுக்குள் உதவாது. சத்தம், புகை, எண்ணெய். குளிர் தேசத்தில் மாதக்கணக்கில் வெளியே போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மின்சார மோட்டார் வைத்துப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்திலும், கம்பளம் விரித்த மண்டபத்திலும் ஓட்டத் தொடங்கினார்கள். தரை வழவழப்பானது, மேடு பள்ளம் இல்லை. பிறகு ஸ்பிரிங்கும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தொங்கலும் எதற்கு? அவை வீண் பாரம். ஆகவே கண்ணாடி நார்த் தட்டு ஒன்று, அதில் சக்கரங்கள். பிறகு கார்பன் நார்த் தட்டு வந்தது. பான் கார் இப்படி, தேவையில்லாததையெல்லாம் கழித்துக் கழித்துப் பிறந்தது. 1982-இல் கலிஃபோர்னியாவில் அனஹைம் நகரில் இந்த வகைக்கும் உலகப் போட்டி நடந்தது. இங்கே யந்திரமும் உண்டு, விரலும் உண்டு, திருப்புகிற கையும் உண்டு.

ஜப்பானில் வேறு விதமாகக் கதை நடந்தது. ஷிஸுவோகா நகரத்து டாமியா கம்பெனி, போர்ஷே 934 காரின் பிளாஸ்டிக் பொம்மைக்கு அச்சு வார்த்து ஏராளமாகச் செலவு செய்துவிட்டது. அளவெடுப்பதற்காக நிஜமான போர்ஷே கார் ஒன்றையே வாங்கிப் பிரித்துப்போட்டார்கள் என்றும், திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே மெக்கானிக்குகள் வரவேண்டியிருந்தது என்றும் அதன் தலைவர் ஷுன்ஸாக்கு டாமியா எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போட்ட காசை எடுக்க வேண்டாமா? 1976-இல் அதே கூட்டுக்குள் மோட்டாரையும் ரேடியோவையும் வைத்து விற்றார்கள். அது பிரமாதமாக விற்றது. பணக்காரர் பொழுதுபோக்கு, சம்பளக்காரர் கைக்கும் எட்டியது.

* * *

இனி, இந்தக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் வித்தையைச் சொல்ல வேண்டும். ‘செட்டிங்’ என்கிறார்கள். ஓஹையோ மாகாணத்தில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர், தம் பழைய பான் காரைக் கூடத்து மேஜையில் வைத்து எனக்கு இதை விளக்கினார். முதலில் அவர் எடுத்தது காரை அல்ல, ஒரு கண்ணாடிப் பலகையை. “தரை சமமாக இல்லாவிட்டால் எதை அளந்தாலும் பொய்தான் சார்” என்றார். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது.

கார் தரையிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டு நயா பைசாக் காசை அடுக்கி நுழைத்தாற்போல். இன்னும் தாழ்த்தினால் தட்டு கம்பளத்தில் உரசும். உயர்த்தினால் வளைவில் சாயும்.

அடுத்தது முறுக்கு. தட்டு கொஞ்சமாவது முறுக்கிக்கொண்டிருந்தால் கார் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் ஒரு குணம் காட்டும். இதைக் கண்டுபிடிக்க நண்பர் ஒரு பேனாக்கத்தியின் நுனியைக் காரின் முன்பக்கத்துச் சரி நடுவில் கொடுத்து மெல்லத் தூக்கினார். இரண்டு முன் சக்கரமும் ஒரே சமயத்தில் கண்ணாடியை விட்டு எழுந்தால் நல்லது. இடது சக்கரம் ஒரு மயிரிழை முந்தியது. ஒரு திருகைக் கால் சுற்றுச் சுற்றினார். மறுபடி தூக்கினார். இப்படி ஏழெட்டுத் தடவை. தங்கம் நிறுக்கும் ஆசாரிகூட இவ்வளவு சிரத்தை எடுத்து நான் பார்த்ததில்லை.

பின் சக்கரங்களும் மோட்டாரும் ஒரு தனிச் சட்டத்தில் இருக்கின்றன. பழைய கார்களில் அந்தச் சட்டத்தைத் தட்டோடு இணைப்பது ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் ஒரு மெல்லிய நார்த் தகடு. ஸ்பிரிங்கின் வேலையை அந்தத் தகட்டின் வளைவே செய்துவிடுகிறது. 2000-த்துக்குப் பிறகு வந்த கார்களில் தகட்டுக்குப் பதில் நடுவில் ஒரு குமிழும் பக்கத்துக்கு ஒரு கம்பியும். துள்ளலை அடக்கக் குழாய்க்குள் கெட்டியான சிலிகான் பசை. பசை இளகலாக இருந்தால் கார் துடியாக இருக்கும். கெட்டியாக இருந்தால் சாதுவாக இருக்கும்.

பின் அச்சில் ‘டிஃபரென்ஷியல்’ உண்டு. வளைவில் உட்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற அது இடம் கொடுக்கிறது. பல்சக்கரம் இல்லை, இரண்டு எஃகு வளையத்துக்கு நடுவே வரிசையாகச் சின்னக் குண்டுகள். நெருக்கிப் பூட்டினால் சக்கரங்கள் இழுபறியாகும். தளரவிட்டால் வழுக்கிக் குண்டு தேய்ந்து போகும். ஒற்றுமையாகவும் இருக்க வேண்டும், அவரவர் போக்குக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். கூட்டுக் குடும்பம் நடத்தினவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் டயர். காற்றடிக்கிற டயர் அல்ல. பஞ்சு போன்ற ரப்பர். அதைக் கடைசல் யந்திரத்தில் சுற்றவிட்டு, வேண்டிய குறுக்களவுக்குச் சீவுகிறார்கள். சீவிய டயர் தரையைப் பிடிக்க ஒரு தைலம் தடவுகிறார்கள். பலகாலம் அந்தத் தைலத்தில் விண்டர்கிரீன் எண்ணெய் சேர்ந்திருந்தது. நாம் மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் வருமே, அதே வாசனை. பந்தய மண்டபத்துக்குள் நுழைந்தால் ஆயிரம் பாட்டிமார்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருக்குமாம். வாசனை தாங்காமல் அதைத் தடை செய்த மண்டபங்களும் உண்டு.

டயரின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நான் அலட்சியமாகக் கேட்டேன். நண்பர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். 42 மில்லிமீட்டர் டயர். மோட்டாரில் 30 பல், அச்சில் 84 பல். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் 47.1 மில்லிமீட்டர் நகரும். டயர் 41 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் 46 மில்லிமீட்டர்தான் நகரும். நஷ்டம் சுற்றுக்கு 1.1 மில்லிமீட்டர். மோட்டார் நிமிஷத்துக்கு 15,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 8 நிமிஷப் பந்தயத்தில் 1,20,000 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 130 மீட்டருக்கு மேல்! ஒரு மில்லிமீட்டரை அலட்சியம் செய்தவன் முழுதாக ஒரு தெருவையே இழக்கிறான். இதைச் சரிக்கட்டத்தான் டயர் தேயத் தேயப் பல்சக்கரத்தையும் மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கார் சுவரில் மோதினால்? “செட்டிங் சரியில்லை” என்று மேடையிலிருந்து ஒரு குரல் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி ஓஹையோவிலும் செல்லுபடியாகிறது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு சங்கடம். கூடம் கோணலாக இருப்பதும் சில சமயம் நிஜம். எது தன் கையின் குற்றம், எது திருகின் குற்றம் என்று பிரித்து அறிகிறவன்தான் ஜெயிக்கிறான். மற்றவன் திருகைத் திருகிக்கொண்டே இருக்கிறான்.

* * *

இனி வகுப்பு விதிகளின் கதைக்கு வருவோம். சங்கத்தார் விதி செய்வார்கள்; ஓட்டுகிறவர்கள் அதில் சந்து கண்டுபிடிப்பார்கள்; சங்கத்தார் சந்தை அடைப்பார்கள். பான் காரின் சரித்திரத்தில் பெரும் பகுதி இதுதான்.

1980-களின் ஆரம்பத்தில் பாட்டரி என்பது 1,200 மில்லி ஆம்பியர் நிக்கல் காட்மியம் கட்டைகள். பந்தயம் 8 நிமிஷம். சராசரி 9 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பாட்டரி கடைசிவரை தாங்காது. ஆகவே முதல் சுற்றிலேயே பாய்ந்தவன் ஏழாவது நிமிஷத்தில் நடுத்தடத்தில் நின்றுபோவான். பின்னால் நிதானமாக வந்தவன் அவனைத் தாண்டிப் போவான். முயல் ஆமைக் கதையை அப்படியே நடத்திக் காட்டினார்கள்.

இதில் பணம் புகுந்தது. ஒரே தொழிற்சாலையில் செய்த கட்டைகளுக்குள்ளும் ஒன்று சில விநாடி அதிகம் தாங்கும். ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒவ்வொன்றையும் சோதித்து, சிறந்தவற்றை ஜோடி சேர்த்து அதிக விலைக்கு விற்கிறவர்கள் தோன்றினார்கள். விதிப் புஸ்தகத்தில் எல்லோருக்கும் ஒரே பாட்டரி. கடையில் மட்டும் ஏழைப் பாட்டரி, பணக்காரப் பாட்டரி. மோட்டாருக்கும் அதே கதை. ஆரம்பக்காரர்களுக்காக, பிரிக்க முடியாதபடி மூடிய மலிவு மோட்டார் என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். பணமுள்ளவன் ஒரு கூடை மோட்டார் வாங்கிச் சோதித்து, அதிலே நல்லதை வைத்துக்கொண்டான். இதற்குப் பதிலாகச் சில போட்டிகளில் சங்கத்தாரே பந்தயத்தன்று மோட்டாரை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தது வந்தவருக்கு விதி!

பிறகு கரித்துண்டு தேயாத புது மோட்டார்கள் வந்தன. ஒற்றை லிதியம் கட்டை, 3.7 வோல்ட், வந்தது. ஜோடி சேர்க்கும் வியாபாரம் படுத்தது. அப்பாடா என்று சங்கத்தார் மூச்சு விடுவதற்குள் புதிய சந்து திறந்தது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு கருவியின் உள்ளேயே கணக்கை மாற்றி எழுதி, மந்த மோட்டாரையும் பறக்க வைத்தார்கள். வெளியே பார்த்தால் எல்லோருக்கும் ஒரே மோட்டார். உள்ளே இருக்கும் எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? இதற்குச் செய்த பரிகாரம் எனக்குப் பெரிதும் ரசித்தது. எந்த முடுக்கலும் இல்லாமல் யோக்கியமாக இருக்கும்போது அந்தக் கருவியில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த வகுப்புக்கே ‘பிளிங்கி’, அதாவது கண் சிமிட்டி, என்று பெயர் வந்துவிட்டது. டெஸ்லாவின் படகு கண் சிமிட்டியது மேதையைக் காட்ட. நூறு வருஷத்துக்குப் பிறகு கார் கண் சிமிட்டுகிறது, நான் ஏமாற்றவில்லை என்று சத்தியம் செய்ய.

இந்தப் போராட்டம் வீண் என்று சொல்லிவிடலாம். நான் சொல்லமாட்டேன். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களில் கோடீசுவரர்கள் சிலரே. மற்றவர்கள் பட்டறைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பையன். சனிக்கிழமை மாலை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசோடு வருகிறவனுக்கு ஒரு நியாயமான சந்தர்ப்பம் உண்டா, இல்லையா? அது இல்லையென்று தெரிந்த மறுவாரம் அவன் வரமாட்டான். அவன் வராவிட்டால் பணக்காரன் யாரோடு பந்தயம் விடுவான்? விதியைக் காப்பது ஏழைக்குச் செய்யும் தர்மம் மட்டுமல்ல, பந்தயத்தையே காப்பது.

பான் காருக்கு வந்த பெரிய ஆபத்து விதியால் வரவில்லை, நாகரிகத்தால் வந்தது. 1990-களில் நான்கு சக்கரத்தாலும் ஓடும் ‘டூரிங் கார்’ வந்தது. சொந்தக் கார் மாதிரியே தோற்றம்; ஸ்பிரிங் உண்டு; கடைத்தெரு வண்டி நிறுத்துமிடத்துக் கரடு முரடான தாரிலும் ஓடும். பத்தில் ஒரு பங்கு அளவுப் பான் கார்கள் பல ஊர்களில் மறைந்தே போயின. பன்னிரண்டில் ஒரு பங்குக் கார் மட்டும் கம்பளத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. கிளீவ்லாந்து நகரில் நவம்பர் மாத நன்றித் திருநாளை ஒட்டி நடந்துவந்த பெரிய உள்ளரங்குப் போட்டிகள் அதற்குக் கைகொடுத்தன. 14 உலகப் பட்டங்கள் பெற்ற ஜப்பானியர் மஸாமி ஹிரோசாகா போன்றவர்களும் இந்தத் தட்டுக் காரை ஓட்டிக் காட்டியவர்கள்தான்.

பிழைத்ததற்குக் காரணம் அதன் எளிமைதான் என்று நினைக்கிறேன். அதில் ஒளிய இடம் இல்லை. ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் நிறைந்த காரில் ஓட்டுகிறவனின் தவற்றைக் கார் கொஞ்சம் மறைக்கும். தட்டுக் கார் மறைக்காது. கை நடுங்கினால் கார் நடுங்கும். திருகு கால் சுற்று தப்பினால் அடுத்த வளைவே சொல்லிவிடும்.

2000-க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து, அலைகள் தாங்களே இடம் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டன. நிறக் கிளிப்புகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பென்சிலும் காகிதமும் வைத்துச் சுற்று எண்ணியவர்களும் போய், காரில் வைத்த சின்னக் கருவியே சுற்றை எண்ணிச் சொல்கிறது. ஆனால் ஒரு பழைய வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

ஒரு பந்தயம் முடிந்ததும் அதில் ஓட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. அடுத்த பந்தயத்துக்கு அவர்களே வளைவுக்கு ஒருவராகத் தடத்தில் நிற்க வேண்டும். எந்தக் கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும். கவிழ்ந்தது இறுதிப் போட்டிக்குத் தன்னோடு மோதப்போகிற எதிராளியின் காராக இருக்கலாம். ஒரு விநாடி தாமதித்தால் தனக்கு லாபம். ஆனால் தாமதிப்பதில்லை. நிற்காமல் நழுவுகிறவனுக்குப் பல கிளப்புகளில் தண்டனை உண்டு. ஆனால் ஓடிப்போய் எடுக்கிறவனின் வேகத்துக்கு விதி எதுவும் எழுதவில்லை. அதை எழுதவும் முடியாது.

மோட்டாரைச் சமமாக்கலாம், பாட்டரியைச் சமமாக்கலாம், தட்டின் முறுக்கைக் கத்தி நுனியில் பார்த்துச் சரி செய்யலாம். குனிந்து எதிராளியின் காரை நிமிர்த்தி வைக்கிற அந்த ஒரு விநாடி மட்டும் எந்த வகுப்பிலும் அடங்குவதில்லை. அது நடக்கும்வரை சனிக்கிழமை மாலையில் கம்பளம் விரிப்பார்கள். தைல வாசனை அடிக்கும். தட்டுக் கார்களும் ஓடிக்கொண்டிருக்கும்.